பாரணை இலையில் பரிமாற வேண்டியது

விரதம் இருந்தால் சத்துக் குறைந்துவிடுமே என்று கவலைப்படுகிறவர்கள் பட்டினி நாளை மட்டும்தான் எண்ணுகிறார்கள். பட்டினியை எப்படி முடிக்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். தமிழ்நாட்டு வைணவ வீடுகளின் ஏகாதசியையும் யாழ்ப்பாணத்துச் சைவர்களின் கந்தசஷ்டியையும் ஒப்பிட்டால் இது விளங்கும். ஏகாதசி ஒரு நாள் விரதம். மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இலைக்கு வந்தாக வேண்டும். பல வீடுகளில் அன்று புளி சேர்ப்பதில்லை. அகத்தியில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் கீரையிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சாது. நெல்லிக்காயின் வைட்டமின் சி கூடவே சேரும்போதுதான் கணிசமாக உறிஞ்சும். ஒரு நாள் பட்டினிக்குப் பிறகு உண்ண இதைவிடப் பொருத்தமான சேர்க்கையைச் சொல்வது கடினம்.

கந்தசஷ்டியின் கணக்கு வேறு. அது ஆறு நாள் விரதம். யாழ்ப்பாணத்தில் சிலர் ஒரு வேளை மட்டும் உண்பார்கள். சிலர் பாலும் பழமும் எடுப்பார்கள். சிலர் இளநீரோடு நிற்பார்கள். வெறும் தண்ணீரோடு ஆறு நாளையும் கடப்பவர்களும் உண்டு. ஏழாம் நாள் விடியலில் விரதத்தை முடிக்கும் பாரணை: சோறு, பருப்பு, பல மரக்கறிகள், சொதி, வடை, பாயசம். ஒரு வேளை உண்டு வந்தவருக்கு இது நல்ல விருந்து. அரிசியில் குறைவாக உள்ள லைசினைப் பருப்பு ஈடுகட்டுகிறது. ஆறு நாளும் தண்ணீரோடு இருந்தவருக்கோ அதே இலை ஆபத்தாகலாம். நீண்ட பட்டினியில் உடலின் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் இருப்பு கரைந்திருக்கும். சோறும் சர்க்கரையும் ஒரேயடியாக உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் இந்த உப்புகளையும் செல்களுக்குள் இழுத்துவிடும்; இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் உண்ணாதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் உணவு தரக்கூடாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி சொல்வது இதனால்தான். திருச்செந்தூரில் தங்கி இதே விரதம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பக்திக்குச் சத்துக் கணக்குப் பார்ப்பதா என்று கேட்கலாம். பால் பழம், இளநீர், ஒருவேளை உணவு என்று அவரவர் உடலுக்கேற்ற படிகளை வைத்திருப்பதே நம் மரபுதான். குழந்தைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் கடும் விரதத்துக்கு அது வற்புறுத்துவதில்லை. உடலைப் பேணுவது விரதத்துக்கு விரோதம் என்று மரபு கருதியிருந்தால் இத்தனை படிகள் எதற்கு? முன்னோர் இப்படித்தான் இருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது இன்னொரு வாதம். இன்று விரதம் இருப்பவர்களில் நீரிழிவுக்காரர் பலர். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உண்ணாமல் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றாமல் அவர்கள் விரதம் தொடங்கவே கூடாது.

ஆகவே துவாதசி இலையிலிருந்து கந்தசஷ்டி எடுத்துக்கொள்ள வேண்டியது கீரையையும் நெல்லிக்காயையும் மட்டுமல்ல; பட்டினிக்குத் தக்கபடி முதல் உணவைத் தேர்ந்தெடுக்கும் நிதானத்தையும்தான். அதற்கு வேண்டியவை யாழ்ப்பாணச் சமையலறையிலேயே இருக்கின்றன. தவிடு நீக்காத சிவப்பரிசியில், உண்ட மாவுச்சத்தை உடல் பயன்படுத்தத் தேவையான தயமின் உண்டு. பாலிலும் பயறிலும் பாஸ்பேட் உண்டு. கடும் விரதம் இருந்தவர் பயறு சேர்த்த கஞ்சியையோ பால்கஞ்சியையோ சிறிது சிறிதாக, பல தடவையாகக் குடிக்கட்டும். பாயசமும் முழுச் சோறும் இரண்டு நாள் பொறுக்கலாம். பாரணைச் சோறு போடும் கோயில் மடங்கள் அன்று முதலில் ஒரு கோப்பை கஞ்சியைப் பரிமாறினால், தனித்தனியே யாருக்கும் அறிவுரை சொல்லத் தேவையே இருக்காது.