இருபத்து மூன்று டிகிரி அறையும் அருப்புக்கோட்டை மே மாதமும்

போன மாசம் பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் வந்தான். தறி ஓட்டுற குடும்பம். கையில் சேர்த்து வச்ச இருபதாயிரம் ரூபாய், கூடவே ஏதோ ஒரு வீடியோ பார்த்து எழுதின கார்டு பட்டியல். "அண்ணே, இதுல எது வாங்கலாம்?"

அவன்கிட்ட இருக்கிறது ஆபீஸில் கழிச்சுக் கட்டின பழைய கம்ப்யூட்டர். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, ஒல்லியான பெட்டி. பட்டியலில் இருந்த எந்த கார்டும் அந்தப் பெட்டிக்குள் நுழையாது. நுழைந்தாலும் அதன் எஸ்எம்பிஎஸ் தாங்காது. பல ஆபீஸ் மாடல்களில் போர்டின் பவர் கனெக்டரே வேற மாதிரி இருக்கும், அதனால் கடையில் கிடைக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸையும் மாட்ட முடியாது.

பையன் மேல் தப்பில்லை. அவன் கேட்ட ஆலோசனை அவனை மனசில் வச்சு சொன்னது இல்லை. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் "குறைஞ்ச பட்ஜெட்டில் கேமிங் பிசி" வகை வீடியோக்களை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலும் ஒரே சூத்திரம்தான்: பணத்தில் பாதி கிராபிக்ஸ் கார்டுக்கு, மிச்சம் மற்றதுக்கெல்லாம், கடைசியில் மீந்தால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு. அவர்கள் காட்டுகிற எண்கள் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு அறையில், ஏதோ ஒரு மெஷினில் பிறந்தது. அந்த விவரம் பார்க்கிறவனுக்குப் போய்ச் சேர்வதில்லை. என் குறை இதுதான்.

முதலில் அந்த வரைபடங்கள். ஒரு சின்ன கார்டைச் சோதிக்கும்போது அன்றைக்கு இருப்பதிலேயே வேகமான பிராசஸரோடு சேர்த்துத்தான் சோதிப்பார்கள். அது சரியான முறை. அப்போதுதான் கார்டின் முழு பலம் தெரியும். ஆனால் 2013-இல் வந்த நாலு கோர் ஐ5-இல் அதே கார்டைச் சொருகினால் அந்த எண் வராது. வாலரன்ட் மாதிரி பிராசஸரை நம்பி ஓடுகிற விளையாட்டில், கார்டை மாற்றியும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். வரைபடம் சொல்வது "இந்த கார்டால் அதிகபட்சம் இவ்வளவு முடியும்" என்பது. பையன் படிப்பது "எனக்கு இவ்வளவு கிடைக்கும்" என்று.

இன்னொரு உதாரணம், 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் இதற்கு நாலு லேன் மட்டும்தான். நான்காம் தலைமுறை பாதை உள்ள புது போர்டில் சமாளித்துவிடும். மூன்றாம் தலைமுறை போர்டில் பாதையின் அகலம் பாதியாகிவிடும். கார்டின் 4 ஜிபி மெமரி நிறைந்ததும் அந்தக் குறுகிய வழியாகத்தான் எல்லாம் போய் வரணும், ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். விலை குறைந்த கார்டைத் தேடுகிறவன்தான் பழைய போர்டும் வைத்திருப்பான். அவனுக்காகவே வந்த கார்டு, அவன் மெஷினில்தான் மோசமாக ஓடுது! சில விமர்சகர்கள் இதைச் சோதித்துச் சொல்லவும் செய்தார்கள். பட்டியல் போடுகிறவர்கள் அந்த வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். புது மெஷின் வாங்கினாலும் இந்தக் கண்ணி உண்டு. "இப்போதைக்கு ரைசன் 5 5600ஜி வாங்கு, கார்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது பிரபலமான யோசனை. அந்த 5600ஜி-யிலும் மூன்றாம் தலைமுறை பாதைதான்.

மூன்றாவது, எனக்கு ரொம்ப உறுத்துவது, எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஒட்டியிருக்கும் 80 பிளஸ் ஸ்டிக்கர். பிரான்ஸ், கோல்டு என்று பார்த்ததும் தரமான சரக்கு என்று நினைக்கிறோம். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் அளக்கிறது. அந்தச் சோதனையும் 23 டிகிரியை ஒட்டிய அறையில் நடப்பது. மே மாச மதியம் நம்ம ஊரில் வெயில் 40-ஐத் தொடும், தகரக் கூரைக்குக் கீழே கேட்கவே வேணாம். நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் 40 அல்லது 50 டிகிரியிலும் முழு வாட் தரும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பான். தேட வேண்டியது அந்த வரியைத்தான். மலிவுப் பெட்டியில் இன்னொன்றும் பாருங்க. பெயரில் 450 இருக்கும், லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர் என்று இருந்தால், கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்துக் கிடைப்பது 216 வாட்தான்.

கரண்ட் போய் வருவதைப் பற்றி இந்த வீடியோக்களில் பேச்சே கிடையாது. வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை மாட்டுகிறவர்கள் பின்பக்கம் இருக்கும் யுபிஎஸ் மோட் சுவிட்சைப் பாருங்க. ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் மின்சாரம் நின்ற பிறகு சுமார் 16 மில்லி செகண்ட்தான் மூச்சைப் பிடிக்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் மெஷின் அணைந்து போகலாம். யுபிஎஸ் மோடில் சீக்கிரம் மாறும், ஆனால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும். உங்க வீட்டு வோல்டேஜ் எப்படி என்று தெரிந்துகொண்டு முடிவு பண்ணணும்.

கார்டுக்கு முதலிடம் என்ற விதியே தப்பா? இல்லை. விளையாட்டில் பெரும்பாலான வேலையைச் செய்வது கார்டுதான். ஏசி அறை, சீரான கரண்ட், புது மெஷின் இருக்கிறவருக்கு அந்தக் கணக்கு சரி. பழைய மெஷினைத் தேற்றுகிறவர் சுவரிலிருந்து உள்ளே வரணும். முதலில் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கா, அடுத்து எஸ்எம்பிஎஸ், பெட்டிக்குள் இருக்கும் இடம், போர்டின் பாதை, பிராசஸர், என்ன விளையாடப் போகிறோம் என்பது. கார்டு கடைசியில். தப்பான பொருளைத் திருப்பிக் கொடுக்க மதுரைக்கு பஸ் ஏறணும், ஒரு நாள் கூலி போகும், கடைக்காரர் வாங்குவாரா என்பதும் நிச்சயமில்லை. இருபதாயிரம் வைத்திருக்கிறவனுக்கு ரெண்டாவது தடவை தப்பு பண்ணக் காசு கிடையாது.

பையன் விளையாடுவது வாலரன்ட் மட்டும்தான். அவன் பெட்டியில் ஒரே ஒரு ராம் குச்சி இருந்தது. ஜோடியாக இன்னொன்று போடச் சொன்னேன். கூடவே தனி பவர் வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்குகிற குட்டை ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று, செகண்ட் ஹேண்டில். மிச்சப் பணத்தை வீட்டில் கொடுத்து வைக்கச் சொன்னேன், அடுத்த மெஷினுக்கு.

"வீடியோல இதச் சொல்லலையேண்ணே" என்றான்.

அவங்க உன் பெட்டியைத் திறந்து பார்க்கலையே தம்பி.