பொருநைச் சீமையில் அத்தியட்சர் ஸ்தானம்

திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரத்தை ஆதியோடந்தமாகப் படிப்பவர்க்கு முதலில் புலப்படும் விசேஷம், இங்கே சபை முந்திப் பிறந்தது, அத்தியட்சர் பிந்தி வந்தார் என்பதே. 1778-ல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றதும், 1780-ல் நாற்பது பேர் கொண்ட சபையாக அது பதிவேட்டில் ஏறியதும், 1785-ல் அந்த அம்மையாரின் முயற்சியால் சிறு ஆலயம் ஒன்று எழும்பியதும், 1790-ல் சத்தியநாதன் தஞ்சையில் குருப்பட்டம் பெற்று இச்சீமைக்குப் போதகராக வந்ததும், 1799-ல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் கிராமம் தேரிக்காட்டோரம் அமைந்ததும் ஆகிய இத்தனை காரியங்களும் ஆங்கிலிக்க அத்தியட்சர் ஒருவர்கூட இந்திய மண்ணில் கால்வைக்காத காலத்தில் நடந்தேறியவை. சத்தியநாதனின் சிரசின்மேல் கைவைத்தவர்கள் லுத்தரன் குருமார். அந்தப் பட்டம் செல்லுமா செல்லாதா என்று ஞாயிறுதோறும் அவரிடம் பிரசங்கம் கேட்ட ஏழைச் சபையார் எவரும் வினவவில்லை. அத்தியட்சரின் பதவியையும் படிநிலைகளையும் இச்சீமையிலிருந்து ஆராயப் புகுகிறவன் இந்த உண்மையை மறவாமல் தொடங்க வேண்டும்.

ஆங்கிலிக்க சம்பிரதாயத்தில் திருப்பணிப் பட்டங்கள் மூன்றே: உதவிக்குரு, குரு, அத்தியட்சர். நான்காவது பட்டம் இல்லை. பேரத்தியட்சர் என்றும், மாகாணத் தலைமை அத்தியட்சர் என்றும், துணை அத்தியட்சர் என்றும், உதவி அத்தியட்சர் என்றும் வழங்கும் பெயர்களெல்லாம் மூன்றாம் பட்டத்துக்குள்ளேயே அமைந்த நிர்வாக வேறுபாடுகள். பிரதிஷ்டையால் வந்த அருளிலும் அதிகாரத்திலும் கான்டர்பரி ஆசனத்தில் வீற்றிருப்பவரும் பட்டிக்காட்டு ஆலயத்தில் பிள்ளைகளைத் திடப்படுத்தும் உதவி அத்தியட்சரும் ஒரே தரத்தினர். புதிய அத்தியட்சர் ஒருவரைப் பிரதிஷ்டை செய்யக் குறைந்தது மூன்று அத்தியட்சர் கூடவேண்டும் என்று 325-ல் நிசேயா மகாசங்கம் வகுத்த நியமம் இன்றளவும் நிலைபெற்றிருப்பதால், எந்தத் தலைவரும் தனித்து நின்று மற்றொருவரை உண்டாக்க இயலாது. இங்கிலாந்திலே எட்டாம் ஹென்றியின் காலத்தில் 1534-ல் துணை அத்தியட்சர்களுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டுப் பின் அவ்வழக்கம் நெடுங்காலம் கைவிடப்பட்டு, 1870-ல் மீண்டும் உயிர்பெற்றது. 1867 முதல் கூடும் லாம்பெத் மாநாட்டில் உலகத்து ஆங்கிலிக்க அத்தியட்சர்கள் ஒருங்கே அமர்ந்தாலும், அந்த மாநாடு எந்த மாகாணத்துக்கும் கட்டளை இடுவதில்லை. ஆலோசனை கூறுவதோடு நின்றுவிடுகிறது. அதிகாரத்தை இவ்வாறு பங்கிட்டு வைத்த முறையையே இச்சம்பிரதாயத்தின் சிரேஷ்டமான லட்சணம் என்று நான் கருதுகிறேன்.

இந்தியாவுக்கு அத்தியட்சர் வந்ததோ கம்பெனிச் சர்க்காரின் கப்பலில்தான். 1813-ம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின்படி 1814-ல் கல்கத்தாவுக்கு மிடில்டன் நியமனம் பெற்றார். அவருடைய ஆதீனத்தின் விஸ்தீரணத்தை எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும்; இந்தியா முழுவதும் மட்டுமன்றிப் பின்னர் ஆஸ்திரேலியாவும் சில காலம் கல்கத்தா அத்தியட்சரின் கண்காணிப்பில் இருந்தது. அவருக்குப் பின் வந்த ஹீபர் 1826 ஏப்ரல் 3-ந் தேதி காலையில் திருச்சிராப்பள்ளியில் தமிழ்ச் சபையாரைத் திடப்படுத்தி, தமிழிலேயே ஆசி கூறி, அன்றே நீராடச் சென்ற இடத்தில் மாண்டுபோனார். திருநெல்வேலியை அவர் பார்க்கவேயில்லை. அதே ஆண்டில் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் எழுப்பிய திரித்துவ ஆலயம், பின்னாளில் ஊசிக்கோபுரம் பெற்று, அத்தியட்சரின் ஆசனம் அமையும் தலைமை ஆலயமாயிற்று. அதைக் கட்டியவர் அத்தியட்சர் என்ற பதவி சபைக்கு இன்றியமையாதது என்னும் கொள்கையை ஏற்காதவர்.

1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலிக்க மிஷனெரி சங்கத்தின் ஊழியரே ஆயினும் லுத்தரன் மரபில் பட்டம் பெற்றவர். நூற்றுக்கணக்கான கிராமங்களில் சபைகள் பெருகியபோது, தம்முடன் உழைத்த உபதேசியார் சிலருக்குத் தம் மரபின்படியே குருப்பட்டம் அளிக்க விரும்பினார். ஆங்கிலிக்க முறைப்படி அத்தியட்சரின் கையாலேயே பட்டம் வழங்கவேண்டும் என்று சங்கம் வற்புறுத்திற்று. இந்த வாதம் நீண்டுகொண்டிருக்கையில், ஆங்கிலச் சபையைப் போற்றிச் சென்னைக் குருவானவர் ஒருவர் எழுதிய நூலை மறுத்து ரேனியஸ் ஒரு விமர்சனம் வெளியிட, 1835-ல் சங்கம் அவரோடு கொண்ட தொடர்பை முறித்துக்கொண்டது. சபை இரண்டுபட்டது, உபதேசியார் இரு கட்சியாகப் பிரிந்தனர், சீமையை விட்டுச் சென்ற ரேனியஸ் தம் மக்களின் வேண்டுகோளுக்கிணங்கித் திரும்பி வந்து தனித்து ஊழியம் செய்தார். 1838-ல் அவர் இறந்த பின்னரே பிளவு மெல்ல ஆறியது. பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் உள்ள அவர் கல்லறையைப் பார்க்கும்போதெல்லாம், நம் சபையின் முதல் பெரும் வேதனை அத்தியட்சரின் கரம்பற்றிய தர்க்கத்தில் பிறந்தது என்ற நினைவு எழாமல் இராது. சென்னைக்கு முதல் அத்தியட்சராக டேனியல் கோரி வந்ததும் அதே 1835-ல்தான்.

ரேனியஸின் பள்ளி ஒன்று என்றால், அதற்கு நேர் எதிரான பள்ளி எஸ்.பி.ஜி. என்னும் மற்றோர் ஆங்கிலிக்க மிஷனெரி சங்கத்தாருடையது. முதலூர், நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் ஆகிய ஊர்களில் வேரூன்றிய இச்சங்கத்தாரில் பலர், அப்போஸ்தலர் காலமுதல் கைமாறிக் கைமாறி வந்த அத்தியட்சர் பரம்பரை இன்றேல் சபை சபையாகாது என்று நம்பினர். மெய்ஞ்ஞானபுரம், பண்ணைவிளை, நல்லூர், டோனாவூர் முதலிய இடங்களில் பரவிய சி.எம்.எஸ். மரபோ இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, அத்தியட்சர் ஸ்தானம் சபையின் ஒழுங்குக்கு மிக நல்லது, ஆயினும் சபையின் உயிர் சுவிசேஷத்திலேயே இருக்கிறது என்று சொல்லிற்று. இம்மூன்றையும் விட்டு விலகிய நான்காவது குரலும் இங்கே எழுந்தது: 1857-ல் நாசரேத்துப் பக்கத்து மூக்குப்பேரியில் சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகம், மிஷனெரிமாரின் ஆதிக்கத்தை வெறுத்து, அத்தியட்சரும் சம்பளக் குருமாரும் இல்லாத சுதேச சபையொன்றை நிறுவினார். மேற்கத்திய நாடுகளில் மூன்று நூற்றாண்டுகளாக நடந்த தர்க்கமெல்லாம் பனங்காட்டு வெளியில் ஒரு தலைமுறைக்குள் நடந்து முடிந்தது.

இச்சூழ்நிலையில்தான் 1877 மார்ச் 11-ந் தேதி கல்கத்தா பரிசுத்த பவுல் தலைமை ஆலயத்தில், திருநெல்வேலிக்கு ஒருவரல்ல, இருவர் ஒரே நாளில் அத்தியட்சராகப் பிரதிஷ்டை செய்யப்பெற்றனர், சி.எம்.எஸ். சார்பில் எட்வர்டு சார்ஜெண்ட், எஸ்.பி.ஜி. சார்பில் ராபர்ட் கால்டுவெல். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். கால்டுவெல் 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்து, செம்மணற் காட்டில் ஊரையும் ஆலயத்தையும் எழுப்பி, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை உலகுக்கு அளித்தவர். சார்ஜெண்ட் அதற்கும் முந்தியே வந்து, சுதேசப் போதகர்களைப் பயிற்றுவிப்பதையே ஜீவிய விரதமாகக் கொண்டவர். எனினும் அவர்கள் பெற்ற பதவி உதவி அத்தியட்சர் பதவியே. சென்னை ஆதீனம் சட்டத்தாலும் அரச சாசனத்தாலும் அமைந்தது. அதைக் கூறுபோட்டு இங்கே தனி ஆதீனம் அமைக்கச் சட்டச் சிக்கல்கள் தடையாக நின்றன. ஆகையால் சென்னை அத்தியட்சர் ஜெல்லின் அனுமதியின்கீழ், தமக்கென ஆசனமோ எல்லையோ இல்லாமல், அவ்விருவரும் திடப்படுத்தினர், பட்டம் கொடுத்தனர், மேற்பார்வை செய்தனர். ஒரு சிற்றூரின் சபை சார்ஜெண்ட் ஐயருக்கும், உடைமரங்கள் நாலைக் கடந்தால் வரும் அடுத்த ஊர்ச் சபை கால்டுவெல் ஐயருக்கும் உரியதாக இருந்தது. நிலத்தால் எல்லை வகுப்பது ஆதி வழக்கம். இங்கே சங்கத்தால் எல்லை வகுத்தார்கள். இது ஒழுங்கீனமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட மரியாதையால், ஒழுங்கீனமான ஏற்பாடு ஒழுங்கான ஊழியமாயிற்று. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையை நாடி வந்தபோது, அவர்களைத் தாங்கும் பாரம் முழுவதும் இவ்விருவர் தோள்மேல் விழுந்தது.

அவர்களுடைய பதவி எவ்வளவு சிறியது, ஊழியம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு திடப்படுத்தல் ஆராதனையை அருகிலிருந்து பார்த்தவர் அறிவர். உபதேசியார் மாதக்கணக்காகக் கற்பித்த விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கற்பனைகளையும் மனனம் செய்த பிள்ளைகள், வெள்ளை உடுத்து, பெண்பிள்ளைகள் முக்காடிட்டு, இருவர் இருவராகப் பீடத்துக் கிராதியண்டை முழங்காற்படியிடுகிறார்கள். ஊதா அங்கி அணிந்த முதியவர் ஒவ்வொரு சிரசின்மேலும் தனித்தனியே கைவைக்கிறார். ஒரே ஜெபத்தை அத்தனை தடவையும் சொல்லுகிறார். நூறு பேர் இருந்தால் நூறு தடவை. குரல் கம்முகிறது, கை நடுங்குகிறது, ஆயினும் கடைசிப் பிள்ளைக்குச் சொல் ஒன்றும் குறைவதில்லை. ஆராதனை முடிந்ததும் சபைப் பதிவேட்டைப் புரட்டி, ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றின் கணக்கைப் பார்த்துக் கையொப்பமிட்டு, மூப்பரிடம் பள்ளிக்கூடத்தின் நிலைமையைக் கேட்டு, விலகி நிற்கும் குடும்பத்தின் வீட்டுக்கு நடந்து போகிறார். குருமாரால் செய்ய இயலாமல் அத்தியட்சரே செய்யவேண்டியதென்று சம்பிரதாயம் ஒதுக்கிவைத்த கிரியைகளில் திடப்படுத்தலும் பட்டமளித்தலுமே முதன்மையானவை. இவ்விரண்டுக்கும் அவர் ஊர் ஊராகப் போயாக வேண்டும். ஆசனத்தில் அமர்ந்து ஆளுவது இரண்டாம் பட்சம்.

சார்ஜெண்ட் 1889-லும், கால்டுவெல் 1891-லும் மறைந்தனர். கோடைக்கானலில் இறந்த கால்டுவெல்லின் உடலை மலையிலிருந்து இறக்கி, இத்தனை தூரம் கொணர்ந்து, அவர் கட்டிய இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1896-ல்தான் திருநெல்வேலி, மதுரைப் பகுதிகள் தனி ஆதீனமாகி, சாமுவேல் மார்லி முதல் ஆதீன அத்தியட்சரானார். ஆசனம் பாளையங்கோட்டையில், தாமிரபரணியின் நெல்வயல்களுக்கு அண்மையில் அமைந்தது. மந்தையின் பெரும்பகுதியோ தெற்கே, தண்ணீர் எட்டாத தேரியிலும் பனங்காட்டிலும் இருந்தது. இந்த இடைவெளியைக் கடந்துபோனவர்களையே ஜனங்கள் தங்கள் அத்தியட்சர் என்று நெஞ்சில் ஏற்றார்கள் என்பதை வில்லியம்ஸ், வாலர், டப்ஸ், வெஸ்டர்ன், ஸ்டீபன் நீல், செல்வின் ஆகியோர் காலத்துச் செய்திகளை மூத்தோர் சொல்லக் கேட்டவர் உணர்வர். இரண்டு சங்கங்களும் ஒரே அத்தியட்சரின் கீழ் வந்தபோதிலும், மரபு வேற்றுமை உடனே மறைந்துவிடவில்லை.

நம் சீமை அத்தியட்சர் ஸ்தானத்துக்கு அளித்த பெருங்கொடை, வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணராயிருந்து, பின் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியராகப் போய், 1912 டிசம்பர் 29-ந் தேதி, கால்டுவெல்லும் சார்ஜெண்டும் பிரதிஷ்டை பெற்ற அதே கல்கத்தா ஆலயத்தில், ஆங்கிலிக்க சபைகளின் முதல் இந்திய அத்தியட்சரானார். இந்தியர் ஒருவர் ஆங்கிலேயக் குருமாரை ஆளுவதா என்று ஆட்சேபம் எழுந்தது. சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் அதற்கு வளைந்து கொடுக்கவில்லை. மாட்டுவண்டியில் குக்கிராமங்களைச் சுற்றிய அசரியா, 1945 ஜனவரி முதல் நாள் மறையும்வரை தாழ்த்தப்பட்ட மக்களிடையே வாழ்ந்தார். கட்டியெழுப்பிய தலைமை ஆலயத்திலும் இந்நாட்டுச் சிற்ப மரபையே தழுவினார். எனினும் தன் புத்திரனை 1912-ல் அந்நிய பாஷை நாட்டுக்கு அத்தியட்சராகக் கொடுத்த திருநெல்வேலி, தன் சொந்த ஆசனத்தில் ஓர் இந்தியரை, அதாவது ஏ. ஜி. ஜெபராஜ் அவர்களை, அமர்த்த 1953 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த நாற்பத்தோராண்டுத் தாமதத்துக்கு நியாயம் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ரேனியஸோடு தொடங்கிய வழக்குக்குத் தீர்ப்பு 1947 செப்டம்பர் 27-ந் தேதி சென்னைப் பரிசுத்த ஜார்ஜ் தலைமை ஆலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது கிடைத்தது. 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர், அசரியாவும் அவர்களில் ஒருவர், எழுப்பிய வேண்டுகோள் இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் நிறைவேறிற்று. சரித்திர வழிவந்த அத்தியட்சர் ஸ்தானத்தைப் புதிய சபை ஏற்றது; அந்த ஸ்தானத்துக்கு இன்ன வியாக்கியானமே சரியென்று எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. முன்பு அத்தியட்சரல்லாதார் கையால் பட்டம் பெற்ற குருமாரை மறுபடியும் பட்டம் பெறும்படி கேட்கவுமில்லை. அண்டையிலுள்ள மதுரை இராமநாதபுரத்துக்கு, ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் மரபினரான லெஸ்லி நியூபிகின் பேராயர், அதாவது புதிய சபையின் வழக்கில் அத்தியட்சர், ஆனார். எஸ்.பி.ஜி. பள்ளியின் கடுமையான கொள்கையினர் இதைப் பொறுக்கவில்லை. நந்தியால் பகுதியில் சிலர் வெளியே நின்றனர். லாம்பெத் முழு ஐக்கியம் தரத் தயங்கிற்று. ஆனால் சத்தியநாதனின் பட்டத்தைக் கேள்வி கேளாத சபையின் வழித்தோன்றல்களுக்கு இத்தீர்ப்பு புதிதாகத் தோன்றியிராது. புதிய அமைப்பில் பேரத்தியட்சர் என்ற பதவியே இல்லை. பேராயர்களில் ஒருவர் குறித்த காலத்துக்குப் பிரதமப் பேராயராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, காலம் முடிந்ததும் மற்றவரோடு ஒருவராகிறார். திருமண்டலத்தின், அதாவது ஆதீனத்தின், பேராயரும் அதன் பெருமன்றத்தோடு கூடியே ஆளவேண்டும். அவரைத் தெரிந்தெடுப்பதில், திருமண்டலப் பெருமன்றத்தார் வாக்களித்து அனுப்பும் பெயர்களுக்கு முதலிடம் உண்டு.

2003-ல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியே பிரிந்தபின், இடையன்குடியும் நாசரேத்தும் வெவ்வேறு பேராயரின் கீழ் வந்துள்ளன. தூரம் குறைந்தது, ஊர்திகள் பெருகின, வழக்குகளும் தேர்தற் போட்டியும் பெருகின. ஆகையால் சேகரங்களிலிருந்து பெருமன்றத்துக்குச் செல்லும் குருமாருக்கும் சபைப் பிரதிநிதிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வேட்பாளரின் குலத்தையும் கட்சியையும் ஒருபுறம் வைத்துவிட்டு, தேரிக்காட்டுச் சபைகளில் இவர் எத்தனையை நேரில் அறிவார், எந்த உபதேசியாரைப் பெயர் சொல்லி அழைப்பார், நூறாவது பிள்ளையின் தலையிலும் முதற் பிள்ளைக்கு வைத்த அதே கவனத்தோடு கைவைப்பாரா என்று விசாரித்து, அதற்குப் பின் வாக்களியுங்கள்.