காங்கயம் ரோட்டுத் தெளுவு

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் திருப்பூரில் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கம் போய்விடும். சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் பார்த்து, வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரி வெகுநேரம் கழித்து வீடு வந்து சேர்ந்தவர்கள்கூட, விடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு காங்கயம் ரோட்டிலோ தாராபுரம் ரோட்டிலோ போய்க்கொண்டிருப்பார்கள். தெளுவு இறங்கும் காலம் அது. தெற்கே பதநீர் என்பார்கள், கொங்கு நாட்டில் தெளுவு.

பனியன் கம்பெனிகள் முடிந்து காடுகள் தொடங்கும் இடத்தில் காற்றே வேறு மாதிரி இருக்கும். கிளுவை வேலி போட்ட கொறங்காடு, உள்ளே வெள்வேல மரம், காய்ந்து மஞ்சளித்த கொழுக்கட்டைப் புல், தலை நிமிர்த்திப் பார்க்கும் காங்கயம் மாடு. வரப்போரங்களில் பனை. எந்தப் பனையின் உச்சியில் மண்முட்டி தொங்குகிறதோ அதன் அடியில் வண்டியை நிறுத்த வேண்டும்.

மரமேறி எப்படி வேலை செய்கிறார் என்று நின்று பார்க்காமல் தெளுவைக் குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதியை இழந்துவிடுகிறார்கள். பாளையை வெட்டியவுடன் சாறு கொட்டிவிடாது. வெளிவந்த பாளையை மர இடுக்கியால் நாள்தோறும் பதமாக நசுக்கிப் பழக்க வேண்டும். ஆண் பனைக்கு ஒரு வகை இடுக்கி, பெண் பனைக்கு இன்னொரு வகை. அழுத்தம் கூடினால் பாளை கருகிப்போகும், குறைந்தால் சுரக்காது. பழகிய பிறகு நுனியைச் சீவ வேண்டும். அந்தச் சீவலைக் கீழே விழும்போது பிடித்துப் பாருங்கள். வெற்றிலையைவிட மெல்லிசாக, வெள்ளையாக, ஓரத்தில் ஈரம் மினுங்க இருக்கும். அவ்வளவுதான் எடுப்பார். கொஞ்சம் தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்து, மரத்தின் வருமானம் பாதிக் காலத்திலேயே நின்றுவிடும். காலையிலும் மாலையிலும் ஏறி இதைச் செய்கிறார். இடுப்பில் பெட்டி, அதில் அரிவாள், காலில் தளைநார். ஐம்பது அறுபது அடி உயரத்தில் ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவ்வளவு மெல்லிய சீவலை எடுக்கிற கைத்திறனுக்கு ஈடாக நான் வேறொன்றைப் பார்த்ததில்லை.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக விழும் சாற்றைப் புளிக்க விடாமல் அதுதான் பிடித்து வைக்கிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. சுண்ணாம்பு கூடினாலும் கெடுதல்தான், நாக்கு உறைக்கும். நல்ல கைக்கு அந்த அளவு தெரியும்.

குடிப்பதற்குக் கண்ணாடி டம்ளர் கேட்காதீர்கள். இளம் பனையோலையைக் குடைந்து மடித்து, இரண்டு முனையையும் ஓலைக் கீற்றாலேயே கட்டிய பட்டையில்தான் குடிக்க வேண்டும். இரண்டு கையாலும் ஏந்தி முகம் குனியும்போது முதலில் வருவது பச்சை ஓலை வாசம். அதற்கப்புறம் குளிர்ச்சி. இராத்திரிக் காற்றில் மண்முட்டிக்குள் இருந்த குளிர்ச்சி அது, ஃப்ரிட்ஜில் வராது. இனிப்பு நாக்கின் நடுவில் விழுந்து இரண்டு பக்கமும் பரவுகிறது. முடியும் இடத்தில் சுண்ணாம்பின் மெல்லிய காரம். மேலே நாலு நொங்குச் சுளையை நோண்டிப் போட்டுக் கொடுத்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. மரத்துக்கு மரம் ருசி மாறும், ஒரே மரத்தில் நாளுக்கு நாள் மாறும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான். ஆனால் வெயில் ஏறினால் இந்த ருசி நிற்காது.

மரத்தின் சாற்றுக்காகக் குடும்பத்தோடு கிளம்பிப் போகிற ஊர்கள் உலகத்தில் வேறும் உண்டு. கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் வெர்மான்ட், நியூயார்க் மாநிலங்களிலும் மார்ச் மாதம் மேப்பிள் மரத்தில் துளை போட்டுச் சாறு எடுக்கிறார்கள். இராத்திரி உறைபனி, பகலில் இளகல் என்று இருந்தால்தான் அங்கே சாறு ஓடும். நமக்கோ வெயில் காலத்தில்தான் ஓடுகிறது. மேப்பிள் சாற்றில் இனிப்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஏறக்குறைய 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. நம் தெளுவில் பத்துப் பங்குக்கு மேல். எட்டுப் பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைத்துவிடும். காய்ச்சும்போது நுரை பொங்கினால் அங்கே துளி வெண்ணெய் விடுகிறார்கள், நம் ஆட்கள் நசுக்கிய ஆமணக்கு விதையைப் போடுகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு தேசத்துக் குடியானவர்கள் ஒரே யுக்தியைக் கண்டுபிடித்திருப்பதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வங்காளத்துப் பையன்களுக்கும் இது புதிதில்லை. அவர்கள் ஊரில் பனிக்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவி நொலேன் குர் என்ற வெல்லம் காய்ச்சுகிறார்கள்.

கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீர் மாதிரி இருந்தது மெல்ல மஞ்சளாகி, தேன் நிறமாகி, கடைசியில் கறுத்துக் கனத்து, குமிழ்கள் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் பதம். உடனே இறக்கித் துழாவி, கொட்டாங்குச்சிகளில் ஊற்றிவிட வேண்டும். தாழியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பது குழந்தைகள் பாத்தியதை.

அந்தக் கருப்பட்டி வீட்டுக்கு வந்தால் முதல் மரியாதை சந்தகைக்கு. ஊறவைத்த புழுங்கலரிசியை ஆட்டி, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை மரத்தில் பிழிய வேண்டும். ஆறினால் கை வலிதான் மிச்சம். கருப்பட்டியைக் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் சுண்ணாம்பு வண்டல் நிற்கும். சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டுத் தேங்காய்ப்பாலில் கலந்தால், வெள்ளை இழைகளின் மேல் அந்தப் பழுப்புப் பால் இறங்குவதைப் பார்ப்பதே ஒரு சுகம். ஒப்பிட்டுக்குப் பூரணம் கிளறும்போது வெல்லத்தில் பாதியைக் குறைத்துக் கருப்பட்டி போட்டுப் பாருங்கள், மேலே ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய் விடுங்கள். வெல்லத்தின் இனிப்பு சட்டென்று வந்து போய்விடும், கருப்பட்டியின் இனிப்பு தாமதமாக வந்து தொண்டையில் தங்கும். உளுந்தங்களிக்கு வெள்ளைச் சர்க்கரை போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

ஆடி முதல் நாள் தேங்காய் சுடுகிறோமே, அதற்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். கண் குத்திய தேங்காய்க்குள் பாசிப்பருப்பு, அவல், எள்ளோடு பொடித்த கருப்பட்டியையும் போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டினால் ஓடு வெடிக்கும்போது வருகிற வாசம் தெருவெல்லாம் அடிக்கும்.

கடைகளில் விற்கும் கருப்பட்டியில் சீனிப்பாகு கலப்பது ஊரறிந்த சேதி. மரத்தடியில் வாங்குவதுதான் உத்தமம். 2021இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் மரம் நின்றால் மட்டும் போதாது, ஏற ஆள் வேண்டும். பையன்கள் தையல் மெஷினுக்கும் செக்கிங் டேபிளுக்கும் வந்துவிட்ட பிறகு பனை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள்.

ஆனி முடிந்தால் முட்டிகள் இறங்கிவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், வீட்டுக்குக் கொண்டுவர ஒரு தூக்குப்போசி எடுத்துக்கொள்ளுங்கள், சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாங்குங்கள்.