வேலை மாறும் இளம் செவிலியர்: லாபம் எது, இழப்பு எது?

நர்சிங் முடித்து, மாநில கவுன்சிலில் பதிவு எண் வாங்கி, தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேருபவர்கள் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு மூன்று இடம் மாறிவிடுவது தமிழ்நாட்டில் சாதாரணமாகிவிட்டது. "ஒரு இடத்தில் நிலையாக இரு" என்கிறார்கள் வீட்டில். "இங்கே மூவாயிரம் கூடத் தருகிறார்கள், வந்துவிடு" என்கிறாள் கூடப் படித்தவள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமையில்லை என்கிறார் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் எதற்காக மாற வேண்டும், எதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை மூவருமே சொல்வதில்லை.

மாறுவதற்கான காரணங்களில் சம்பளமே முதலாவது. தனியார் மருத்துவமனை செவிலியரின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் மத்திய அரசை ஒரு நிபுணர் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அரசு செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 50 படுக்கைக்குக் குறைவான சிறு மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும். கேரளத்தில் செவிலியர் சங்கங்கள் தொடர்ந்து போராடி, 2018-இல் 20,000 ரூபாயை அடிப்படைச் சம்பளமாக அரசாணையிலேயே ஏற்றிவிட்டன. தமிழ்நாட்டில் அந்தப் பரிந்துரை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஒரே மருத்துவமனையில் உழைத்துக்கொண்டே இருந்தால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கூடும். வெளியே போய்ச் சேர்ந்தால் ஒரே நாளில் சில ஆயிரம் கூடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவரைப் பொறுமையற்றவர் என்பது அநியாயம்.

அரசுப் பணி என்ற கரையும் எளிதில் எட்டுவதில்லை. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து 7,000-க்கும் மேற்பட்ட செவிலியரை எடுத்தபோது, தொகுப்பூதியமாகக் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு நிறைவேறாததால்தான் 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். தேர்வில் வென்றவர்களுக்கே இந்த நிலை என்றால், மற்றவர்கள் தங்கள் ஊதியத்தைத் தாங்களே தேடிக்கொள்வதில் வியப்பில்லை.

மாறுவதில் தொழில் சார்ந்த நன்மையும் உண்டு. 30 படுக்கை நர்சிங் ஹோமில் சேர்ந்தவர் அங்கே ஊசி, டிரிப், டிரெஸ்ஸிங், பிரசவம் என எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். ஆனால் வென்டிலேட்டரையோ டயாலிசிஸையோ ஒழுங்கான நெறிமுறையோடு கற்க அங்கே வழியிருக்காது. பெரிய மருத்துவமனைக்குப் போனால்தான் மருந்துப் பிழையைப் பதிவு செய்யும் முறை, தொற்றுக் கட்டுப்பாடு, எழுத்தில் தரும் ஹேண்ட்ஓவர் எல்லாம் பழக்கமாகும். இப்படிப்பட்ட மாற்றம் முன்னேற்றம்தான்.

குறை எங்கே இருக்கிறது? மருத்துவமனையோடு சேர்த்து வார்டையும் மாற்றிக்கொண்டே இருப்பதில் இருக்கிறது. ஆறு மாதம் ஐசியு, அங்கே நைட் டியூட்டி அதிகம் என்று விட்டுவிட்டு எட்டு மாதம் ஓ.பி., பிறகு சம்பளம் கூட என்று ஆபரேஷன் தியேட்டர். மூன்று ஆண்டு முடிந்தபின் பார்த்தால், மூன்று ஆண்டு அனுபவம் என்று சொல்ல முடியாது. தொடக்க நிலையை மூன்று முறை கடந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் வெளியிட்ட 'ஃப்ரம் நோவிஸ் டு எக்ஸ்பர்ட்' நூலில் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். மூன்றாவது நிலையை, அதாவது தானே திட்டமிட்டு வேலை செய்யும் தேர்ச்சியை எட்ட, ஒரே வகையான சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும் என்பது அவர் கண்டது.

ஐசியுவில் நின்று பார்த்தால் இதன் பொருள் விளங்கும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நோயாளிக்கு நார்அட்ரினலின் சிரிஞ்ச் பம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதியவர் அலாரம் அடித்தபின் அடுத்த சிரிஞ்சை நிரப்ப ஓடுவார். அந்த ஓரிரு நிமிட இடைவெளியிலேயே அழுத்தம் சரிந்துவிடும். இரண்டு ஆண்டு பழகியவர் பத்து மில்லி மிச்சமிருக்கும்போதே அடுத்ததை நிரப்பி, பெயர் எழுதி ஒட்டி, பக்கத்தில் வைத்திருப்பார். மானிட்டரில் எல்லா எண்ணும் சரியாக இருக்கும்போதே சிறுநீர் ஒரு மணிக்கு 50 மில்லி, 30 மில்லி, 15 மில்லி என்று இறங்குவதைச் சார்ட்டில் கவனித்து, டியூட்டி டாக்டரை எழுப்புவார். இதை எந்தப் பயிற்சி வகுப்பும் ஒரு வாரத்தில் கொடுத்துவிடாது. திரும்பத் திரும்ப அதே வகை நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கு வருவது இது. அந்தக் கண் திறக்கும் நேரத்தில் துறையை மாற்றுகிறவர் தானும் இழக்கிறார், நோயாளியையும் இழப்புக்குள்ளாக்குகிறார்.

அடுத்த இழப்பு சான்றுகளில். வளைகுடா நாடுகளின் உரிமத்துக்கு விண்ணப்பித்தால், டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் அனுபவச் சான்றிதழை நேரடியாக மருத்துவமனைக்கு அனுப்பிச் சரிபார்க்கும். நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்ட இடத்திலிருந்து பதிலே வராமல் போகலாம். வந்தாலும் பாதகமாக வரலாம். முறையாக விலகியவருக்கும் "ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தார்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எந்தத் துறை, எத்தனை படுக்கை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரம் இல்லாவிட்டால் உழைத்த காலம் கணக்கில் வராமல் போகலாம். விலகும் நாளிலேயே இந்த விவரங்களோடு சான்றிதழ் கேட்டு வாங்குவதும், ஒரே யு.ஏ.என். எண்ணில் பி.எஃப். தொடர்ச்சியை வைத்திருப்பதும் நிச்சயம் உதவும்.

இத்தனை குறைகளும் சேர்ந்து, ஆட்களைப் பிடித்து வைப்பதுதான் மருந்து என்று சில நிர்வாகங்களை நினைக்க வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட காலம் விலகக் கூடாது என்று பாண்டு எழுதி வாங்குவதும், ஒரிஜினல் சான்றிதழ்களை அலுவலக பீரோவில் பூட்டுவதும் அதனால்தான். இந்தப் பாண்டு முறை சுரண்டல் என்று இந்திய நர்சிங் கவுன்சில் 2011-லேயே சொல்லிவிட்டது. சான்றிதழ் பூட்டப்பட்ட பெண் வார்டில் நிற்கலாம். அவருடைய மனம் அங்கே நிற்காது. கட்டாயத்தில் கழியும் இரண்டு ஆண்டும் விருப்பத்தோடு கற்கும் இரண்டு ஆண்டும் ஒன்றாகிவிடாது.

மாறுவதன் லாபம், இழப்பு இரண்டையும் எடைபோட்டால் என் முடிவு இது: மருத்துவமனையை மாற்றலாம், துறையை அவசரப்பட்டு மாற்றக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகளை ஐசியுவோ, டயாலிசிஸோ, பிரசவ வார்டோ, ஒரே துறையில் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல சம்பளத்துக்காக இடம் மாறினாலும் அதே துறையில் சேர வேண்டும். நேர்காணலில் சம்பளத்தோடு இன்னும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் எனக்கு எத்தனை நோயாளிகள்? தனியாக நோயாளி தருவதற்கு முன் எத்தனை வாரம் சீனியருடன் இருப்பேன்? நைட் டியூட்டியில் என்னோடு அனுபவமுள்ளவர் யார் இருப்பார்? இவற்றுக்குத் தெளிவான பதில் தராத இடத்தில் ஐயாயிரம் அதிகம் கொடுத்தாலும் அது நல்ல மாற்றமாகாது.

உடனே விலக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற நெறி இருக்க, சேர்ந்து ஒரு மாதமான ஒருவரிடம் மூன்று வென்டிலேட்டரை ஒப்படைத்தால் விலகலாம். பார்க்காத பி.பி.யைச் சார்ட்டில் எழுதச் சொன்னால் விலகியே ஆக வேண்டும். பிசகு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியது பதிவு எண்ணை வைத்திருக்கும் செவிலியர்தான். இங்கே இரண்டு ஆண்டுக் கணக்கைப் பார்க்கத் தேவையில்லை.

பெரிய பொறுப்பு மருத்துவமனைகளுடையது. வெளியிலிருந்து வருகிறவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை உள்ளே இரண்டு ஆண்டு நின்றவருக்கும் கொடுத்தால் பாதிப் பேர் அங்கேயே இருந்துவிடுவார்கள். அதைச் செய்யாமல் ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கும் வார்டில், இரவு இரண்டு மணிக்குச் சந்தேகம் கேட்க அனுபவமுள்ள ஒருவர்கூட இருப்பதில்லை. இளம் செவிலியரின் வேலை மாற்றத்தை ஒழுக்கக் குறைவாகப் பேசுவதை விட்டுவிட்டு, நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்த்தால்தான் நியாயமான ஊதியமும் ஒழுங்கான பயிற்சியும் மருத்துவமனைக்கு அநாவசியச் செலவாகத் தெரியாது.