கணினி இசையில் நரம்பிசை மாதிரித் தொகுப்புகளின் தெரிவு: மலேசியத் தமிழ்ப் பாடல்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பேராக் மாநிலத்தில் ஈப்போ நகருக்குத் தெற்கே அமைந்துள்ள சிற்றூர் சிம்பாங் பூலாய். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை விட்டுக் கேமரன் மலைக்குச் செல்லும் பாதை இங்குப் பிரிகின்றது. சுண்ணாம்புக்கல் குன்றுகளும் கல்லுடைப்பு ஆலைகளும் சூழ்ந்த இத்தகைய ஓரூரில், வரிசை வீட்டின் அறையொன்றில் கணினியின் முன் அமர்ந்து பாட்டுக்கு இசையமைக்கும் இளைஞர், பதினாறு வயலின் கலைஞர்களை வரவழைத்து ஒலிப்பதிவு செய்வது இயலாத செயலாகும். மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு 1998ஆம் ஆண்டு முதல் இயங்கி வருவது ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாலம்பூரில். அவ்விளைஞருக்குக் கைகொடுப்பது நரம்பிசை மாதிரித் தொகுப்பேயாகும்.

எனினும், எந்தத் தொகுப்பைத் தெரிவு செய்வது என்னும் வினா பெரும்பாலும் விலை, கொள்ளளவு, விளம்பரம் ஆகியவற்றைக் கொண்டே தீர்க்கப்படுகின்றது. இதன் விளைவாக, அண்மைக்கால உள்ளூர்ப் பாடல்கள் பலவற்றில் நரம்பிசைப் பகுதி ஆங்கிலத் திரைப்பட முன்னோட்டம் ஒன்றிலிருந்து வெட்டி ஒட்டியது போல் ஒலிக்கின்றது. தெரிவு என்பது வணிகச் செயல் மட்டுமன்று. அஃது ஓர் அழகியல் முடிவுமாகும் என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கின்றது.

மாதிரித் தொகுப்பின் தோற்றமும் இயல்பும்

பதிவு செய்த நரம்பிசை ஒலியை விசைப்பலகையால் இயக்கும் முயற்சி புதியதன்று. 1963இல் இங்கிலாந்தில் உருவான மெல்லோட்ரான் ஒவ்வொரு விசைக்கும் ஓர் ஒலிநாடாவைக் கொண்டிருந்தது. 1979இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஃபேர்லைட் ஒலியை எண்ணியல் முறையில் பதிந்தது. 1998இல் வந்த கிகாசாம்ப்ளர் மென்பொருள், ஒலிகளை நினைவகத்தில் முழுமையாக ஏற்றாமல் வன்தட்டிலிருந்து நேரடியாகப் படிக்கும் முறையைக் கொண்டு வந்தது. பெருங்கொள்ளளவுத் தொகுப்புகளுக்கு வழி திறந்தது இம்முறையே எனலாம். 2000இல் தோன்றிய வியன்னா சிம்பொனிக் லைப்ரரி, 2003இல் வெளிவந்த ஈஸ்ட்வெஸ்ட் தொகுப்பு, 2007இல் தொடங்கப்பட்ட ஸ்பிட்ஃபயர் நிறுவனம் ஆகியவை அவ்வழியில் வந்தவை.

இன்றைய தொகுப்பு ஒன்றில் ஒவ்வொரு சுரமும் மென்மை முதல் வன்மை வரை பல நிலைகளில் பதியப்படுகின்றது. நீளிழுப்பு, வில்லைத் துள்ளவிடும் ஸ்பிக்காட்டோ, விரலால் மீட்டும் பிட்சிக்காட்டோ, நடுக்கம் தரும் ட்ரெமலோ எனப் பல வாசிப்பு முறைகளும் தனித்தனியே பதியப்படுகின்றன. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இடைநகர்வைப் பதிந்து வைப்பது லெகாட்டோ எனப்படும். ஒரே சுரம் மீண்டும் மீண்டும் வரும்போது எந்திரத்தன்மை தோன்றாதிருக்க, அதன் மாற்றுப் பதிவுகள் சுழற்சி முறையில் ஒலிக்கின்றன.

இங்கு ஒன்றனை மனங்கொள்ளுதல் வேண்டும். எவ்வெவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதைப் பதிவின்போதே ஒருவர் முடிவு செய்துவிட்டார். பயனாளர் அம்முடிவுகளுக்குள்தான் தெரிவு செய்ய இயலும். ஆகவே, ஒவ்வொரு தொகுப்பும் ஓர் இசை மரபின் சுவையைத் தன்னகத்தே கொண்டதாகும்.

தமிழ்த் திரையிசையின் நரம்பிசை மரபு

மலேசியத் தமிழர்தம் செவி எந்த நரம்பிசையில் பழகியது? பால்மரத் தோட்டங்களின் வானொலிப் பெட்டிகள் வழியே அவர்களை எட்டியது சென்னைத் திரையிசையே. அதிலும் 1976இல் திரையுலகில் நுழைந்த இளையராஜாவின் இடையிசைகள் ஒரு தலைமுறையின் இசையறிவை உருவாக்கின. மேலைநாட்டு எதிரிசை முறையும் கருநாடக இராகமும் அவ்விடையிசைகளில் ஒருங்கே இயங்கின. 1986இல் வெளிவந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பு இவ்வியல்புக்குத் தெளிவான சான்றாகும். வி. எஸ். நரசிம்மனின் தனி வயலினும் குழு வயலின்களும் அதில் பாக்கின் எதிரிசை முறையோடு இராகங்களை இணைத்து நடக்கின்றன.

சென்னைக் குழுவின் சிறப்பு யாதெனின், அதன் கலைஞர்கள் இசைக்குறிப்பைப் படிக்கவும் கமகத்தைக் கையாளவும் ஒருங்கே வல்லவர்களாக விளங்கினர் என்பதாகும். தாளில் எழுதியது ஒரு சுரம். வில்லில் ஒலித்தது அச்சுரத்தின் அசைவு. பலர் ஒரே அசைவை வாசிக்கும்போது, ஒவ்வொருவர் விரலும் சற்றே முன்பின்னாக நகர்கின்றது. அக்குழு ஒலிக்கு அகலத்தையும் வெம்மையையும் தருவது இந்நுண்ணிய வேறுபாடே.

2005இல் வெளிவந்த இளையராஜாவின் திருவாசக இசைவடிவம் இதனோடு ஒப்பிடத்தக்கது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்த அப்படைப்பில் நரம்பிசை தெளிந்த சுரங்களாக நிற்க, இராகத்தின் அசைவைப் பெரிதும் குரல் சுமக்கின்றது. இரு வழிகளும் ஏற்புடையனவே. ஆயினும் அவை இரு வேறு வழிகள் என்பதை உணராமல் தொகுப்பைத் தெரிவு செய்வோர், தாம் எழுதிய இசைக்குப் பொருந்தாத ஒலியையே பெறுவர்.

தெரிவுக்குரிய அளவுகோல்கள்

முதலாவது, குழுவின் அளவு. 2019இல் ஸ்பிட்ஃபயர் வெளியிட்ட பிபிசி சிம்பொனி இசைக்குழுத் தொகுப்பில் முதல் வயலின்கள் மட்டும் பதினாறு. 2016இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சினிமாடிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ் தொகுப்பில் அவை பத்து. ஸ்பிட்ஃபயரின் சேம்பர் ஸ்ட்ரிங்ஸ் தொகுப்பில் நான்கு. பெருங்குழு பரந்த ஒலியைத் தரும். ஆனால் தனி வில்லின் தொடக்கமும் முடிவும் அதில் கரைந்துவிடும். குரலுக்கு இடையிடையே விடை கூறும் தமிழ்ப் பாடலின் குறுந்தொடர்களுக்குச் சிறு குழுவோ நடுத்தரக் குழுவோ மிகவும் பொருந்தும். மேலும், பதினாறு வயலின்களின் பதிவைக் கொண்டு மூன்று குரல்களாகப் பிரித்து எழுதினால், கேட்பவர் செவியில் நாற்பத்தெட்டு வயலின்கள் ஒலிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்கோரிங் ஸ்ட்ரிங்ஸ் தொகுப்பு தன் வயலின்களைச் சிறு பிரிவுகளாகவும் பதிந்து தந்தது இக்குறையைக் கருதியே ஆகும்.

இரண்டாவது, காலத்தாழ்ச்சி. பதியப்பட்ட இடைநகர்வு முழுமையாக ஒலிப்பதற்குச் சிறிது நேரம் தேவைப்படுகின்றது. சினிமாடிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸில் மெதுவான லெகாட்டோ ஏறத்தாழ 333 மில்லிவினாடியும், நடுத்தரமானது 250 மில்லிவினாடியும், விரைவானது 100 மில்லிவினாடியும் தாழ்ந்து ஒலிக்கும். நிமிடத்திற்கு 120 அடி என்னும் நடையில் ஓரடியின் நீளம் 500 மில்லிவினாடி. அந்நடையில் மெதுவான லெகாட்டோ ஓரடியில் மூன்றில் இரு பங்கு பிந்தி வருகின்றது. நீண்ட மெல்லிசைக்கு இஃது அழகு சேர்க்கும். குறிப்புகளை முன்னதாக நகர்த்தி வைத்தால் சிக்கலும் தீரும். ஆனால் உறுமியும் தவிலும் முன்செல்ல, வயலின்கள் அவற்றோடு ஒட்டி ஓடவேண்டிய பாட்டில் நிலைமை வேறு. ஒவ்வொரு நகர்வும் வெவ்வேறு அளவு தாழ்வதால், முழுத் தடத்தையும் ஒரே அளவில் முன்னகர்த்துவது பயன் தராது. குறிப்பு குறிப்பாகத் திருத்த வேண்டும். அத்தகைய உழைப்புக்கு நேரமில்லாதவர் விரைந்து விடையிறுக்கும் எளிய தொகுப்பைக் கொள்வதே அறிவுடைமை.

மூன்றாவது, கமகம். இதுவே தலையாய சிக்கலாகும். தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிடபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே அசைந்து பிறப்பது. மேலைநாட்டுத் தொகுப்புகளின் லெகாட்டோ, நிற்கும் ஒரு சுரத்திலிருந்து நிற்கும் மற்றொரு சுரத்திற்குச் செல்வதற்காகப் பதியப்பட்டது. எனவே, பலர் சுருதி வளைக்கும் சக்கரத்தைப் பயன்படுத்துகின்றனர். இதில் இரு குறைகள் நேர்கின்றன. வளைக்கும்போது சுருதியோடு வயலின் பெட்டியின் அதிர்வு நிறமும் சேர்ந்து நகர்வதால் ஒலி மெழுகுபோல் குழைகின்றது. அடுத்து, குழுவிலுள்ள அனைவரும் மயிரிழையும் பிசகாமல் ஒன்றாக வளைகின்றனர். முற்கூறிய சென்னைக் குழுவின் அகலம் இங்கு முற்றாக மறைகின்றது. பத்துப் பேர் வாசித்த ஒலி, பத்து மடங்கு பருத்த ஒருவரின் ஒலியாகிவிடுகின்றது. பதிவிலேயே அழுத்தமான அதிர்வு கலந்திருந்தால் கமகம் மேலும் சிதையும். ஆதலால், அதிர்வற்ற வாசிப்பையும் தனியே பதிந்து தரும் தொகுப்பே இராகம் சார்ந்த இசைக்கு ஏற்றது.

நான்காவது, பதிவிடம். ஸ்பிட்ஃபயரின் தொகுப்புகள் பல லண்டன் ஏர் ஸ்டூடியோவின் லிண்ட்ஹர்ஸ்ட் மண்டபத்தில் பதியப்பட்டவை. முன்பு தேவாலயமாக இருந்த அக்கட்டடத்தின் எதிரொலி ஒவ்வொரு சுரத்தோடும் கலந்துள்ளது. சிறிய அறையில் ஒலிவாங்கியை அருகே வைத்துப் பதிந்த உறுமியின் பின்னால் அவ்வயலின்களை வைத்தால், இரண்டும் இரு வேறு நாடுகளில் ஒலிப்பது போன்ற உணர்வே எழும். வியன்னா நிறுவனம் தொடக்கக் காலத்தில் எதிரொலி குன்றிய தனியரங்கில் பதிந்தது. அத்தகைய பதிவுக்கு வேண்டிய எதிரொலியைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்ந்துவிட்டதைப் பிரித்தெடுப்பது அரிது. ஒலிவாங்கி நிலைகளைத் தனித்தனியே தரும் தொகுப்பாயின், அண்மை நிலையை மட்டும் எடுத்தாளலாம்.

பெரிதும் சிறிதும்

விலையுயர்ந்த தொகுப்பே சிறந்த இசையைத் தரும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மேற்குறித்த பிபிசி தொகுப்பின் முழுவடிவம் ஏறத்தாழ 600 ஜிகாபைட் இடத்தைக் கோருவது. அதன் எளிய வடிவமான டிஸ்கவர் 200 மெகாபைட் அளவிலேயே அடங்குவது. இரண்டிலும் வாசித்தோர் அதே கலைஞர்களே. எழுதும் பயிற்சி பெறாதவர்க்கு முன்னது தரும் நன்மை சிறிது. நான்கு குரல் எழுதத் தெரிந்தவர் பின்னதைக் கொண்டே கேட்கத்தக்க இசையைப் படைப்பார். நிறுவனங்கள் வெளியிடும் முன்மாதிரி இசைகள் அந்தந்தத் தொகுப்பின் வலிமைக்கேற்ப எழுதப்பட்டவை என்பதையும் மறத்தலாகாது. தாம் எழுதிய எட்டு அடி இடையிசை ஒன்றனை அத்தொகுப்பில் கேட்டுப் பார்ப்பதே தக்க சோதனையாகும்.

இதற்கு மாறாக, மாதிரி ஒலி அனைத்தும் போலியே. உயிருள்ள கலைஞரே வேண்டும் என வாதிடுவோரும் உளர். அவர்தம் கவலை பொருளற்றதன்று. கணினியின் வரவால் திரையிசை ஒலிப்பதிவுகளில் வாத்தியக் கலைஞர்தம் வாய்ப்புகள் சுருங்கியது உண்மை. ஆயினும், குழுவே இல்லாத சிற்றூரில் அவ்வாதம் இசையமைக்காதே என்னும் தடையாக முடிந்துவிடும். தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்க்கு நரம்பிசை எழுதும் வாய்ப்பை முதன்முதலாக வழங்கியது இத்தொழில்நுட்பமே என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி ஒன்றுண்டு. அடித்தளமான சுரக்கூட்டுகளை மாதிரித் தொகுப்புக்கு விட்டு, இராக அசைவு மிக்க மேற்குரலைக் கருநாடக வயலின் பயின்ற ஒருவரைக் கொண்டு நான்கைந்து முறை தனித்தனியே வாசிக்கச் செய்து அடுக்கலாம். ஒவ்வொரு முறையும் அவர் விரல் சற்றே வேறுபடும். அவ்வேறுபாடு தொகுப்பின் விறைப்பைத் தளர்த்தும். கோவில்களிலும் இசைப்பள்ளிகளிலும் வயலின் பயின்றோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு ஒரு சிறு தொகை வழங்குவது, இன்னொரு தொகுப்பை வாங்குவதைக் காட்டிலும் பயன் மிக்கது.

முடிவுரை

குழுவின் அளவு, காலத்தாழ்ச்சி, கமகத்திற்கு இடந்தரும் தன்மை, பதிவிடம் ஆகிய நான்கும் மலேசியத் தமிழ்ப் பாடலுக்கு நரம்பிசைத் தொகுப்பைத் தெரிவு செய்வதற்குரிய அளவுகோல்கள் என்பது மேற்கண்ட ஆய்வால் பெறப்படும். இவற்றுள் முதன்மையானது கமகமே. ஏனைய மூன்றன் குறைகளைத் திருத்தத்தாலும் உழைப்பாலும் பெரிதும் ஈடுசெய்யலாம். கமகக் குறையைக் கணினிக்குள் இருந்துகொண்டே முற்றும் ஈடுசெய்தல் இயலாது.

கல்லுமலை முருகன் ஆலயத்தின் தைப்பூசத்தில் உறுமியைக் கேட்டு வளர்ந்த ஒருவர் எழுதும் பாட்டில், அவ்வுறுமியோடு இசைந்து நடக்கும் வயலின் ஒலிக்க வேண்டும் என எதிர்பார்ப்பது மிகையன்று. அவ்வொலி எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. தம் செவி எதைக் கேட்டுப் பழகியது என்பதை முதலில் அறிந்து, அதன் பின்னரே தொகுப்பை நாடுவோர்க்கு அது கைகூடும்.