ஆட்டக்களத்தில் ஒரு சாட்சியம்

‘எப்பப் பார்த்தாலும் அழுகைதானா, வேற எழுத வராதா?’ தலித் எழுத்தின்முன் அலுக்காமல் வைக்கப்படும் கேள்வி இது. 1982இல் நியூயார்க்கில் இதே கேள்வியை எழுப்பியவர்கள் வெள்ளை விமர்சகர்கள் அல்லர், கறுப்புப் பாடகர்களே. ‘தி மெசேஜ்’ பாட்டைப் பாடச் சொன்னபோது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் தயங்கினார்கள். கவலையை மறந்து ஆட வர்றவன்கிட்ட அவன் கவலையையே பாடினா எவன் கேப்பான் என்பது அவர்கள் பயம்.

பயத்தில் நியாயம் உண்டு. ஹிப் ஹாப் பிறந்ததே கொண்டாட்டத்தில்தான். 1979இல் வந்து பரவலாக ஓடிய ‘ராப்பர்ஸ் டிலைட்’ முழுக்கக் கேளிக்கை. ஆனால் அந்தக் கொண்டாட்டம் எந்த மண்ணில் நடந்தது? தெற்கு பிராங்க்ஸில். குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு விரைவுச்சாலை போன பகுதி. 1970களில் தெருத்தெருவாக எரிந்த பகுதி. காப்பீட்டுப் பணத்துக்காகத் தம் கட்டடத்துக்கே தீவைக்கச் செய்த சொந்தக்காரர்கள் அங்கே இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மாநகராட்சி தீயணைப்புப் பிரிவுகளைக் குறைத்தது.

இந்தத் தெரு முதல்முறையாக முழுசாகப் பேசியது ‘தி மெசேஜி’ல். எலி, மூத்திர நாத்தம், கடன்காரன், பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை, சிறையில் பிணமாகத் தொங்கும் இளைஞன். ஏழு நிமிடம், நிதானமான தாளம். கடைசியில் தெருமுனையில் சும்மா நிற்கும் நண்பர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறது. அழுகை எங்கே இருக்கிறது இதில்? இருப்பது வாக்குமூலம்.

யாருடைய வாக்குமூலம்? எழுத்தில் பெரும்பங்கு குழுவுக்கு வெளியே இருந்த டியூக் பூட்டி என்ற ஸ்டுடியோ இசைஞருடையது. குழுவில் மெல்லி மெல் மட்டுமே அவரோடு சேர்ந்து எழுதிப் பாடினார். ஃபிளாஷ் இந்தப் பதிவில் இல்லை; ஆனாலும் பாட்டு அவர் பெயரில்தான் புழங்குகிறது. வீடியோவில் பூட்டியின் குரலுக்கு வேறொருவர் வாயசைக்கிறார். பாடவைத்தே தீருவேன் என்று நின்ற ஷுகர் ஹில் நிறுவனத்தின் சில்வியா ராபின்சன் கறுப்பினப் பெண். அந்த நிறுவனத்தோடும் குழுவுக்கு அடுத்த ஆண்டே பணத்தகராறு, வழக்கு. ஒடுக்கப்பட்டவர் கையில் கடை இருந்தாலும் கணக்கு தானாக நேராகிவிடாது.

பாட்டு ஜெயித்தது. ராப் சமூகத்தைப் பேசலாம் என்பதற்கு அதுவே முன்மாதிரி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2002ஆம் ஆண்டின் முதல் ஒலிப்பதிவுப் பட்டியலிலேயே அதைச் சேர்த்தது. ஆனால் 1997இல் பஃப் டாடி அதே இசையை எடுத்துத் தன் செல்வத்தைப் பாடினார். அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். மூலப்பாட்டு எட்டிய இடம் 62. தாளத்தை வச்சுக்கிட்டாங்க, சாட்சியைக் கழிச்சுட்டாங்க.

நமக்குப் புதுசா இது? பறையடியையும் கானாவையும் எடுத்துக்கொண்ட சினிமா, அடித்தவனையும் பாடியவனையும் எங்கே நிறுத்தியது? 2018இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவோடு ராப்பைச் சேர்த்து இடஒதுக்கீட்டை மேடையில் பாடியபோது கூட்டம் ஆடவும் செய்தது, கேட்கவும் செய்தது. ஃபிளாஷ் குழுவின் பயத்துக்கு அதுவும் ஒரு பதில். இனி நாம் காவல் காக்கவேண்டியது தாளத்தை மட்டுமல்ல. அதன்மேல் ஏறிய சொல்லையும், சொன்னவர் பெயரையும்.