ஆப்டிகலா, எலக்ட்ரானிக்கா? ஒரே கேமராவில் இரண்டும்

டி.எஸ்.எல்.ஆரை விட்டு மிரர்லெஸ்ஸுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் வ்யூஃபைண்டரில் வந்துதான் தயங்கி நிற்கிறார்கள். கடையில் இரண்டு கேமராக்களை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தால் தெளிவு கிடைக்காது. லென்ஸ் வேறு, சென்சார் வேறு, கையில் கனமும் வேறு. ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100விஐ இந்த ஒப்பீட்டுக்கு வாகானது. 2011இல் விற்பனைக்கு வந்த முதல் எக்ஸ்100 தொடங்கி 2024இல் வந்த இந்த ஆறாவது மாடல் வரை, முன்பக்கம் ஒரு சின்ன லீவர் உண்டு. அதைத் தட்டினால் ஆப்டிகல், மறுபடி தட்டினால் எலக்ட்ரானிக். 23 மி.மீ. எஃப்2 லென்ஸும் 40 மெகாபிக்சல் சென்சாரும் அப்படியே இருக்கும்.

இதிலுள்ள ஆப்டிகல், எஸ்.எல்.ஆரில் பார்த்துப் பழகியது அல்ல. உள்ளே கண்ணாடி எழும்பி இறங்குவதில்லை. லென்ஸுக்கு மேலே ஓரமாக ஒரு தனித் திறப்பு, அதில் வெள்ளைக் கோட்டில் பிரேம். கோட்டுக்கு வெளியேயும் உலகம் தெரிகிறது என்பதுதான் இதன் பெரிய பலம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பூக்கட்டும் அம்மாவுக்கு பிரேம் வைத்து நின்றால், இடப்பக்கம் வரும் சைக்கிள் கோட்டுக்குள் நுழைவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடுகிறது. காத்திருப்பதா, இப்போதே அழுத்துவதா என்று முடிவெடுக்க அந்த ஒரு நொடி போதும்.

இன்னொன்று, எஸ்.எல்.ஆரில் ஷட்டரை அழுத்தும் கணத்தில் கண்ணாடி மேலே போய்விடும். எந்தக் கணத்தைப் படமாக்குகிறோமோ, அந்தக் கணம் மட்டும் நம் கண்ணுக்குத் தெரியாது. இங்கே ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, பார்வை துண்டிக்கப்படுவதே இல்லை. அந்த அம்மா கண் சிமிட்டினாரா என்பது அழுத்தும்போதே தெரியும். தெருவில் மனிதர்களை எடுப்பவருக்கு இதற்கு ஈடு கிடையாது.

அதே பூக்காரரின் விரல்களுக்கு நெருங்கிப் போனால் நிலைமை மாறுகிறது. திறப்பும் லென்ஸும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஷட்டரைப் பாதி அழுத்தியதும் கோடு வலப்பக்கம் கீழாக நகர்கிறது. வைத்த பிரேமை மறுபடி வைக்க வேண்டும். பின்னணி எவ்வளவு மங்கும் என்பதும் தெரியாது, எல்லாமே ஷார்ப்பாகத்தான் தெரியும். லீவரை எதிர்ப்பக்கம் இழுத்தால் வலது கீழ் மூலையில் ஒரு குட்டித் திரை திறந்து ஃபோகஸ் விழுந்த இடத்தைக் காட்டுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கைக்கெட்டும் தூரத்துக்கு எலக்ட்ரானிக்கே சரி.

அதில் 36.9 லட்சம் புள்ளிகள் என்கிறார்கள். ஒரு பிக்சலுக்கு மூன்று புள்ளிகள் என்பதால் உண்மையில் அது 1280க்கு 960 பிக்சல். கண்ணுக்கு அதுவே தாராளம். கோபுர வாசலில் பாதி நிழல், பாதி வெயில். வெள்ளை வேட்டி கட்டியவர் வெயிலுக்கு வந்ததும் வேட்டி வெளிறிப்போவதைத் திரை உடனே காட்டிவிடுகிறது. எக்ஸ்போஷர் டயலை இரண்டு கிளிக் குறைத்தால் மடிப்புகள் திரும்ப வருகின்றன. ஆப்டிகலில் இதை அனுபவத்தால் ஊகித்துத்தான் ஆக வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுக்க நினைத்தால் கறுப்பு வெள்ளையிலேயே பார்க்கலாம். இருட்டில் மட்டும் திரையில் நாய்ஸ் ஏறுகிறது, அசைபவர்கள் லேசாக இழுபடுகிறார்கள்.

பேட்டரிக் கணக்கும் உண்டு. நிறுவனத்தின் அளவீட்டிலேயே ஒரு சார்ஜுக்கு ஆப்டிகலில் சுமார் 450 படம், எலக்ட்ரானிக்கில் 310.

நான் தூரத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன். இரண்டு மீட்டருக்கு அப்பால் மனிதர்கள் என்றால் ஆப்டிகல், அதற்குள் எதுவானாலும் எலக்ட்ரானிக். கல்யாணம் எடுப்பவர் என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம். மண்டபத்தில் வீடியோ லைட்டும் எல்.இ.டி. திரையும் மாறிக்கொண்டே இருக்கும்; எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர் உள்ள மிரர்லெஸ்ஸை நம்பி வாங்கலாம். லென்ஸ் வழியாகவே வரும் ஆப்டிகல் காட்சிதான் வேண்டும் என்பவர்களுக்கு, 2021இல் வந்த பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 இருக்கிறது. 1.05 மடங்கு உருப்பெருக்கம், ஏ.பி.எஸ்-சி எஸ்.எல்.ஆருக்கு மிகப் பெரிய காட்சி.

எக்ஸ்100விஐ வாங்குபவர்கள் லென்ஸ் ஹூடை உடனே மாட்ட வேண்டாம். ஆப்டிகலில் பார்க்கும்போது அது வலது கீழ் மூலையை மறைக்கும்.